கூம்பின் ஆரமும் பிற அளவுகளும்: தவறிய விடையிலிருந்து பிழையைக் கண்டறியும் வழிமுறை

வாலிநோக்கம், திருப்பாலைக்குடி, உப்பூர் என இராமநாதபுரம் கடற்கரையில் உப்பளங்கள் உள்ள ஊர்களில், பாத்தியிலிருந்து வாரி மேட்டில் குவித்த உப்பு கூம்பு வடிவில் நிற்பதைக் காணலாம். பள்ளிப் பாடநூலின் அளவியல் கணக்கில் ஆரமும் உயரமும் முதல் வரியிலேயே கொடுக்கப்பட்டிருக்கும். களத்திலோ அந்த இரண்டுமே குவியலுக்குள் மறைந்திருக்கின்றன. அளவு நாடா எட்டக்கூடியவை அடியைச் சுற்றிய சுற்றளவும், அடி விளிம்பிலிருந்து உச்சிவரை சரிவின் மேல் செல்லும் சாயுயரமும் மட்டுமே. கூம்புக் கணக்கில் நேரும் பிழைகளில் பெரும்பாலானவை, எட்டும் இந்த இரண்டிலிருந்து எட்டாத அந்த இரண்டைப் பெறும் இடத்தில்தான் பிறக்கின்றன; சூத்திரத்தை மனப்பாடம் செய்வதால் அவை தீர்வதில்லை.

ஒவ்வொரு பிழையும் விடையைத் தனக்கே உரிய விகிதத்தில் பிறழச் செய்யும். ஆகவே தவறான விடை கிடைத்தால் அதை உடனே அழித்துவிடாமல், எதிர்பார்த்த அளவைப் போல் அது எத்தனை மடங்கு என்று முதலில் வகுத்துப் பாருங்கள். இங்கே விளக்கத்துக்கு ஒரே குவியலை எடுத்துக்கொள்கிறேன்: அதன் அடிச்சுற்றளவு 22 மீட்டர், சாயுயரம் 4.2 மீட்டர். சுற்றளவை 2 × பை என்பதால் வகுத்தால், பையின் மதிப்பை 22/7 எனக் கொள்ளும்போது, ஆரம் 3.5 மீட்டர் ஆகும். சாயுயரத்தின் வர்க்கத்திலிருந்து ஆரத்தின் வர்க்கத்தைக் கழித்தால் 17.64 − 12.25 = 5.39, இதன் வர்க்கமூலமான 2.32 மீட்டரே உயரம். கன அளவு 1/3 × பை × ஆரத்தின் வர்க்கம் × உயரம், அதாவது 29.77 கன மீட்டர். கீழே வரும் அறிகுறிகள் பெரும்பாலும் இந்தக் குவியலையே சார்ந்தவை.

அறிகுறி: வர்க்கமூலத்துக்குள் குறை எண் வருகிறது

ஆரம், உயரம், சாயுயரம் ஆகிய மூன்றும் ஒரு செங்கோண முக்கோணத்தின் பக்கங்கள். சாயுயரம் அதன் கர்ணம். கர்ணம் மற்ற இரு பக்கங்களையும் விடப் பெரியதாகவே இருக்க வேண்டும். கழித்த பின் குறை எண் வந்தால், சாயுயரம் இருக்க வேண்டிய இடத்தில் உயரத்தை இட்டிருக்கிறீர்கள், அல்லது விட்டத்தை ஆரமாக எடுத்திருக்கிறீர்கள். நம் குவியலில் விட்டம் 7 மீட்டர், சாயுயரம் 4.2 மீட்டர்; 17.64-இலிருந்து 49-ஐக் கழித்தால் கணக்கு அங்கேயே நின்றுவிடும். இது நல்ல பிழை, ஏனெனில் தன்னைத் தானே காட்டிக்கொடுக்கிறது. ஒல்லியான நெடுங்கூம்பில் விட்டமும் சாயுயரத்தை விடச் சிறியதாக இருக்கக்கூடும் என்பதால், அங்கே இதே பிழை ஓசையின்றிக் கடந்துவிடும். ஆகவே கணக்கைத் தொடங்கும் முன்னரே மூன்று அளவுகளையும் தாளில் வரைந்த முக்கோணத்தின் மீது எழுதிவிடுவது நல்லது.

அறிகுறி: கன அளவு மூன்று மடங்கு, நான்கு மடங்கு அல்லது பன்னிரண்டு மடங்கு வருகிறது

89.3 வந்தால் மூன்றில் ஒரு பங்கு விடுபட்டிருக்கிறது; நீங்கள் கண்டது அதே அடியும் அதே உயரமும் கொண்ட உருளையின் கன அளவு. உருளையில் மூன்றில் ஒரு பங்கே கூம்பு என்பதை முதலில் நிறுவியவர் கிரேக்கக் கணித அறிஞர் யூடாக்சசு என்று ஆர்க்கிமிடீசு எழுதியிருக்கிறார். ஐயமுள்ள மாணவருக்கு, ஒரே வாயகலமும் ஒரே உயரமும் உள்ள கூம்பையும் உருளையையும் அட்டையில் செய்து, கூம்பால் மூன்று முறை மணலை அள்ளிக் கொட்டச் சொன்னால் ஐயம் நீங்கிவிடும். 119 வந்தால் ஆரத்துக்குப் பதில் விட்டம் புகுந்திருக்கிறது. 357 வந்தால் இரண்டு பிழைகளும் சேர்ந்திருக்கின்றன. மாறாக 8.5 என்று சுருங்கி வந்தால், ஆரத்தை வர்க்கப்படுத்த மறந்திருக்கிறீர்கள். சரியான விடையை ஆரத்தாலேயே வகுத்தால் கிடைக்கும் எண் அது.

அறிகுறி: கன அளவு ஏறத்தாழ இரு மடங்கு வருகிறது, ஆனால் சரியாக இரு மடங்கு இல்லை

நம் குவியலுக்கு 53.9 கன மீட்டர் வந்திருந்தால், அது உண்மையைப் போல் 1.81 மடங்கு. சரிவின் மேல் நாடாவை இழுத்து அளந்த 4.2 மீட்டரை உயரமாக எடுத்ததால் இது நேர்ந்தது. உப்புக் குவியல் போன்ற தாழ்ந்த சரிவுள்ள கூம்புகளில் சாயுயரத்துக்கும் உயரத்துக்கும் வேறுபாடு மிகப் பெரியது. கோயில் கோபுரக் கலசம் போன்ற செங்குத்தான வடிவில் மட்டுமே இரண்டும் நெருங்கி வரும். உப்பு விலை பேசும் இடத்தில் இந்த ஒரு பிழை ஏறத்தாழ 24 கன மீட்டர் இல்லாத உப்பை இருப்பதாகக் காட்டிவிடும் என்பதால், நான் இதையே எல்லாவற்றிலும் கொடிய பிழையாகக் கருதுகிறேன்.

உயரத்தைத் தனியே அளந்து சரிபார்க்க விரும்பினால், கொத்தனார்கள் பயன்படுத்தும் மட்டக்குழாய் போதும். உச்சியின் மட்டத்தைக் குழாய் நீரின் வழியே குவியலுக்கு வெளியே நட்ட ஒரு கம்புக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து தரைவரை தூக்குக்குண்டை இறக்கி அளந்தால் உண்மையான உயரம் கிடைக்கும்.

அறிகுறி: நிழலை வைத்துக் கண்ட உயரம் மிகக் குறைவாக இருக்கிறது

ஒரு மீட்டர்க் குச்சியைச் செங்குத்தாக நட்டு, அதன் நிழலோடு குவியலின் நிழலை ஒப்பிடுவது உப்பளத்தின் சமதரைக்குப் பொருத்தமான முறை. குச்சியின் நிழல் 2.14 மீட்டர், குவியலின் அடி விளிம்பிலிருந்து நிழல் முனைவரை 1.46 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 1.46-ஐ 2.14-ஆல் வகுத்து 0.68 மீட்டர் உயரம் என்று எழுதினால் அது தவறு. உச்சி நிற்பது குவியலின் நடுவில் ஆகையால், நிழலின் நீளத்தையும் நடுவிலிருந்துதான் கணக்கிட வேண்டும். ஆரத்தைக் கூட்டினால் 4.96; அதை 2.14-ஆல் வகுத்தால் 2.32.

குவியலுக்கு வெளியே நிழலே விழவில்லை என்றால் அளவு முறையில் கோளாறு ஏதுமில்லை. கதிரவன் மிக மேலே வந்துவிட்டது. நம் குவியலின் சரிவு தரையோடு ஏறத்தாழ 33.5 பாகை கோணம் ஆக்குகிறது. கதிரவனின் ஏற்றக்கோணம் அதைவிடக் குறைவாக இருக்கும்போது மட்டுமே உச்சியின் நிழல் அடிக்கு வெளியே வந்து விழும். நம் கடற்கரையில் காலை எட்டு மணிக்கு முன்போ மாலை நான்கரை மணிக்குப் பின்போ அளந்தால் இந்தத் தடை இருக்காது.

அறிகுறி: அளக்கும்போதெல்லாம் கன அளவு சிறிது மாறி வருகிறது

இது சூத்திரப் பிழை அன்று. சுற்றளவை அளப்பதில் உள்ள நெகிழ்வு. ஆரம் வர்க்கமாக நுழைவதால், சுற்றளவில் நேரும் சிறு மிகை கன அளவில் இரு மடங்காகத் தெரியும். 22 மீட்டரை 22.5 என்று அளந்துவிட்டு உயரத்தை 2.32 என்றே வைத்தால், கன அளவு 4.6 விழுக்காடு, அதாவது ஏறத்தாழ 1.37 கன மீட்டர் கூடிவிடும். குவியலின் ஓரத்தில் மெல்லிய படலமாகச் சிதறிக் கிடக்கும் உப்பைக் கூம்பின் விளிம்பாகக் கொள்ளக் கூடாது. சரிவின் நேர்க்கோடு தரையைத் தொடும் இடமே விளிம்பு. இழுத்தால் நீளும் நைலான் கயிற்றை விட நாடாவே நம்பத்தக்கது. கயிறுதான் உண்டு என்றால், அளந்த கயிற்றை அதே இறுக்கத்தில் தரையில் நீட்டி நாடாவால் அளக்க வேண்டும். பையின் மதிப்பு 22/7-ஆ 3.1416-ஆ என்று கவலைப்படுவோர் பலர். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு 0.04 விழுக்காடு மட்டுமே, ஆகவே பிழையை அங்கே தேடுவது வீண்.

அறிகுறி: நீண்ட அம்பாரத்துக்கு விடை சில முறை கூடியும் சில முறை குறைந்தும் வருகிறது

உப்பளங்களில் பெரிய அம்பாரங்கள் பல வேளைகளில் வட்டமாக இருப்பதில்லை. வரப்பின் ஓரமாக நீளவாக்கில் நீண்டு, இரு முனைகளிலும் அரைக் கூம்பாக முடிகின்றன. அதன் சுற்றளவை அளந்து அதை வட்டம் என்று கொண்டு ஆரத்தைக் கண்டால் விடை எந்தத் திசையில் பிறழும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. முனைகளின் ஆரம் 3.5, உயரம் 2.32 என்று அதே அளவை வைத்துக்கொண்டு, உச்சியில் முகடு ஓடும் நீளத்தை மட்டும் மாற்றிப் பார்ப்போம்.

சரியான கன அளவு இரு பகுதிகளின் கூடுதல்: நடுப்பகுதி முக்கோணப் பட்டகம், அதன் கன அளவு ஆரம் × உயரம் × முகட்டின் நீளம், இரு முனைகளும் சேர்ந்து ஒரு முழுக் கூம்பு, அது 29.77. முகடு 5 மீட்டர் என்றால் மொத்தம் 70.4 கன மீட்டர். சுற்றளவு 32 மீட்டரை வட்டமாகக் கொண்டவருக்குக் கிடைப்பது 63.0, பத்து விழுக்காட்டுக்கும் மேல் குறைவு. முகடு 20 மீட்டர் என்றால் உண்மை 192.2, சுற்றளவு 62 மீட்டரிலிருந்து கிடைப்பது 236.5, அதாவது 23 விழுக்காடு மிகை. முகடு 10 மீட்டராக இருக்கும்போது உண்மை 111.0, தவறான வழியின் விடை 108.5. இந்த நடு நிலையே ஆபத்தானது: தவறான முறை ஏறத்தாழச் சரியான விடையைத் தந்து நம்பிக்கையைப் பெற்றுவிடுகிறது, பிறகு அதே முறை அடுத்த அம்பாரத்தில் கை விட்டுவிடுகிறது. எனவே குவியலைக் குறுக்கேயும் நெடுக்கேயும் இரு திசைகளில் அளந்து, இரண்டும் சமமாக இல்லை என்றால் கூம்புச் சூத்திரத்தை அப்படியே பயன்படுத்தாதீர்கள். குறுக்களவில் பாதிதான் ஆரம். நெட்டளவிலிருந்து குறுக்களவைக் கழித்தால் முகட்டின் நீளம்.

அறிகுறி: கணக்கில் வந்ததை விட அதிகமாக உப்பு இருக்கிறது

உச்சி மழுங்கியிருக்கிறதா என்று பாருங்கள். ஆள் ஏறி மிதித்த குவியலுக்கு உச்சியில் ஒரு தட்டையான வட்டம் உண்டாகிவிடும். அது கூம்பு அன்று, கூம்பின் இடைக்கண்டம். அடி ஆரம் 3.5, மேல் ஆரம் 0.7, உயரம் 1.9 மீட்டர் என்று கொண்டால், பை × உயரம் ÷ 3 என்பதை, அடி ஆர வர்க்கம், மேல் ஆர வர்க்கம், இரு ஆரங்களின் பெருக்கல் ஆகிய மூன்றின் கூடுதலால் பெருக்க வேண்டும். விடை 30.24 கன மீட்டர். இதையே 1.9 மீட்டர் உயரமுள்ள கூம்பு என்று எண்ணினால் 24.38 தான் வரும். இரு ஆரங்களின் சராசரியை எடுத்து உருளையாகக் கணக்கிடுவோரும் உண்டு, அவர்களுக்கு 26.33 கிடைக்கும், அதுவும் குறைவே. வெட்டப்படும் முன் முழுக் கூம்பு எவ்வளவு உயரம் இருந்தது என்று அறிய, உயரத்தை அடி ஆரத்தால் பெருக்கி, ஆரங்களின் வேறுபாட்டால் வகுத்தால் போதும்: 1.9 × 3.5 ÷ 2.8 = 2.375 மீட்டர்.

அறிகுறி: கன அளவிலிருந்து கண்ட ஆரம் பொருந்தவில்லை

கன அளவை மூன்றால் பெருக்கி, பை × உயரத்தால் வகுத்து, வர்க்கமூலம் காண்பதே முறை. 12.25 என்று நின்றால் வர்க்கமூலம் எடுக்கவில்லை, 2.02 வந்தால் மூன்றால் பெருக்கவில்லை.

உயரமும் தெரியாமல், சரிவு மட்டும் தெரிந்திருந்தால் வர்க்கமூலத்தின் இடத்தில் கனமூலம் வரும். ஒரே பொருளை ஒரே முறையில் கொட்டினால் சரிவுக் கோணம் பெரிதும் மாறுவதில்லை. ஆகவே உயரத்துக்கும் ஆரத்துக்கும் உள்ள விகிதம், நம் குவியலில் 0.663, அடுத்த குவியலுக்கும் ஏறத்தாழப் பொருந்தும். 60 கன மீட்டர் உப்புக்கு எவ்வளவு இடம் வேண்டும் என்று கேட்டால், 180-ஐ 22/7 × 0.663-ஆல் வகுத்துக் கனமூலம் எடுக்கலாம்; ஆரம் 4.42 மீட்டர் வரும். உப்பு இரு மடங்கானால் ஆரம் 1.26 மடங்குதான் ஆகிறது. இதை அறியாமல் ஆரத்தையும் இரு மடங்காக்கி இடம் ஒதுக்கினால், மேட்டில் பெரும்பகுதி வெறுமையாகக் கிடக்கும்.

அறிகுறி: மூடுவதற்கு வாங்கிய தார்ப்பாய் எட்டவில்லை, அல்லது மிகுந்துவிட்டது

வடகிழக்குப் பருவமழைக்கு முன் குவியலைக் கீற்றாலோ தார்ப்பாயாலோ மூடும்போது தேவைப்படுவது வளைபரப்பு மட்டுமே: பை × ஆரம் × சாயுயரம் = 46.2 சதுர மீட்டர். 84.7 என்று வந்தால் அடி வட்டத்தையும் சேர்த்து மொத்தப் புறப்பரப்பைக் கண்டிருக்கிறீர்கள். 25.5 என்று வந்தால் சாயுயரத்தின் இடத்தில் உயரத்தை இட்டிருக்கிறீர்கள்; அந்தப் பாய் எட்டாது.

கணக்கு சரியாக இருந்தும் 46.2 சதுர மீட்டர் பாய் போதாமற்போகலாம், ஏனெனில் தட்டையான பாய் மடிப்பில்லாமல் கூம்பின் மேல் படியாது. கூம்பை விரித்தால் கிடைப்பது, சாயுயரத்தை ஆரமாகக் கொண்ட வட்டக்கோணப்பகுதி; அதன் மையக்கோணம் 360 × 3.5 ÷ 4.2 = 300 பாகை. மீதி 60 பாகை மடிப்பில் போய்விடும். சதுரப் பாயின் நடுவை உச்சியில் வைத்து விரிப்பதானால் ஒரு பக்கம் குறைந்தது 8.4 மீட்டர் வேண்டும், அதாவது 70.56 சதுர மீட்டர். ஓரத்தில் கல்லோ மண்மூட்டையோ வைத்து அழுத்தும் அளவை அதற்கு மேல் சேர்க்க வேண்டும்.

பரப்பிலிருந்து ஆரத்தைக் காணும் கணக்கில் இரண்டு விடைகள் வருவதும் பலரைக் கலங்கச் செய்கிறது. மொத்தப் புறப்பரப்பு 84.7, சாயுயரம் 4.2 என்று கொடுத்தால், 84.7-ஐப் பையால் வகுத்து 26.95 பெறுகிறோம், ஆரத்தின் வர்க்கம் + 4.2 × ஆரம் = 26.95 என்ற இருபடிச் சமன்பாட்டின் மூலங்கள் 3.5, −7.7. குறை மூலத்தை விலக்க வேண்டும். சாயுயரத்துக்குப் பதில் உயரம் கொடுக்கப்பட்டிருந்தால் இன்னும் எளிது: 26.95-இன் வர்க்கத்தை, உயரத்தின் வர்க்கமும் 26.95-இன் இரு மடங்கும் சேர்ந்த கூடுதலால் வகுத்தால் நேரடியாக ஆரத்தின் வர்க்கம் 12.25 கிடைத்துவிடும். இந்த அழகான குறுக்கு வழி பலருக்குத் தெரிவதில்லை.

அறிகுறி: தகரத்தில் வெட்டிச் சுருட்டிய வைத்தூற்றியின் வாய் சிறுத்துவிட்டது

படகுக்கு டீசல் ஊற்ற 10 சென்டிமீட்டர் வாய் ஆரமும் 24 சென்டிமீட்டர் உயரமும் கொண்ட வைத்தூற்றி வேண்டும் என்று, தகரத்தில் 10 சென்டிமீட்டர் ஆரமுள்ள வட்டம் வரைந்து வெட்டினால், சுருட்டியதும் வாய் கட்டாயம் அதைவிடச் சிறியதாகவே வரும். தகரத்தில் வரையும் வட்டத்தின் ஆரம் கூம்பின் ஆரம் அன்று, சாயுயரம். இங்கே அது 26 சென்டிமீட்டர். வெட்ட வேண்டிய கோணம் 360 × 10 ÷ 26, அதாவது 138.5 பாகை. பற்றவைக்கும் ஓரத்துக்கான இடத்தைத் தனியே விட வேண்டும். கீழ்க்குழாய்க்காக நுனியை வெட்டும் போதும் இந்தக் கோணம் மாறாது.

அறிகுறி: கோணத்திலிருந்து கண்ட ஆரம் குறை எண்ணாக வருகிறது

கால்குலேட்டர் ரேடியன் முறையில் இருக்கிறது; 33.5-இன் டேன்ஜென்ட் மதிப்பு அங்கே −1.77 என்று காட்டும். டிகிரி முறைக்கு மாற்றுங்கள். அதன் பின்னும் குறை எண் வந்தால் உச்சியின் முழுக்கோணமான 113 பாகையை அப்படியே இட்டிருக்கிறீர்கள். அதில் பாதியான 56.5 பாகையை எடுத்து, அதன் டேன்ஜென்ட்டால் உயரத்தைப் பெருக்க வேண்டும். ஆரம் 1.54 என்று வந்தால், அடிக்கோணத்தின் டேன்ஜென்ட்டால் உயரத்தை வகுப்பதற்குப் பதில் பெருக்கியிருக்கிறீர்கள்.

அறிகுறி: குவியலின் பாதி உயரத்தை அள்ளியும் லாரி நிறையவில்லை

மேல் பாதி உயரத்தில் இருப்பது மொத்த உப்பில் எட்டில் ஒரு பங்கு மட்டுமே, அதாவது 3.72 கன மீட்டர். ஆரமும் உயரமும் சேர்ந்தே பாதியாவதால், கன அளவு பாதியின் பாதியின் பாதியாகிறது. உண்மையிலேயே பாதி உப்பை எடுக்க வேண்டுமானால், உச்சியிலிருந்து 1.84 மீட்டர் இறங்க வேண்டும். மீதிப் பாதி உப்பு, தரையோடு ஒட்டிய 0.48 மீட்டர் உயரத்துக்குள் இருக்கும்.

அறிகுறி: கன அளவு சரி, ஆனால் எடை பொருந்தவில்லை

முதலில் அலகைப் பாருங்கள். சென்டிமீட்டரில் கணக்கிட்டவருக்கு 2,97,73,333 கன சென்டிமீட்டர் வரும். இதைக் கன மீட்டராக்க 10 லட்சத்தால் வகுக்க வேண்டும், நூறால் அன்று. அடிக் கணக்கில் அளந்தவருக்கு ஏறத்தாழ 1,051 கன அடி வரும்; ஒரு கன மீட்டர் 35.31 கன அடி. அலகும் சரி என்றால், கன அளவை எடையாக்கப் பயன்படுத்திய எண்ணைத்தான் ஐயுற வேண்டும். கல் உப்பின் பருமையும் ஈரமும் மாற மாற, ஒரு கன மீட்டரின் எடையும் மாறும். நூலில் கண்ட ஓர் எண்ணை எல்லாக் குவியலுக்கும் பொருத்தக் கூடாது. உள்ளளவில் ஒவ்வொரு பக்கமும் 50 சென்டிமீட்டர் உள்ள மரப்பெட்டி ஒன்றைச் செய்தால் அது ஒரு கன மீட்டரில் எட்டில் ஒரு பங்கு. குவியலின் மேலிருந்தும் சரிவின் நடுவிலிருந்தும் அடியிலிருந்தும் உப்பை எடுத்துக் கலந்து, அழுத்தாமல் நிரப்பி, விளிம்போடு வழித்துவிட்டு எடை போடுங்கள்; பெட்டியின் எடையைக் கழித்து, எட்டால் பெருக்கி, 29.77-ஆல் பெருக்கினால் அந்தக் குவியலின் எடை கிடைக்கும். மழையில் நனைந்த குவியலுக்கு அது காய்ந்த பின் மறுபடியும் பெட்டியை நிரப்ப வேண்டும்.